148-அ: வாழைத்தண்டு முத்தம்மாவின் மனு

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து மக்களுக்கு என்னென்ன குறைகள் இருந்தன என்று தி.நகரில் யாரிடமாவது கேட்டால், "அட போங்க சார், எங்க குறையே தீரல" என்பார்கள். தேவானையைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வாள். ஓர் ஊரில் பாலம் இடிந்து பதினோரு வருஷமாகிறது, கட்டுவார் இல்லை. இன்னோர் ஊரில் அரண்மனைச் சமையலுக்கென்று கோதுமையை மூட்டை மூட்டையாகத் தூக்கிப்போனவர்கள் அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. மாவட்ட அதிகாரி ஒருவன் மைத்துனன் பேச்சைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டான். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள், எல்லாம் மன்னருக்கும் அவருடைய பார்லிமென்டுக்கும் போனவை. அத்தனையையும் ஒரு வரி விடாமல் படித்தவள் சென்னையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆசைப்பட்டுப் படித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் அவள் உத்தியோகம்.

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்தக் கம்பெனி இருக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் தடித்தடிப் புத்தகங்கள் அங்கே வந்துதான் பக்கம் பக்கமாக உருவாகின்றன. கீழே குக்கர் வாங்குகிற கூட்டத்துக்குத் தங்கள் தலைக்கு மேலே இங்கிலாந்தின் சரித்திரம் நடந்துகொண்டிருப்பது தெரியாது. தேவானை அங்கே பதினான்கு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். தப்பு கண்டுபிடிப்பது அவளுக்குத் தொழில் என்பதைவிட சுபாவம் என்று சொல்லலாம். தன்னுடைய கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்றும் தேதி வியாழக்கிழமைக்கு உரியது என்றும் போட்டிருந்ததை, அச்சகத்து வாசலிலேயே நின்று கண்டுபிடித்தவள் அவள். மாப்பிள்ளை தமிழ்மாறன் அன்றைக்கே பயந்து போனான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவன் இன்றுவரை அவள் எதிரில் மளிகைச் சீட்டு எழுதுவதில்லை.

அவள் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். வெள்ளம் வந்து போனபிறகு அந்தக் குடிசைகளை எல்லாம் அப்புறப்படுத்தி, ஆட்களை ஊருக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். தேவானை அதற்கு முன்பே கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்துவிட்டாள். அம்மா முத்தம்மா மட்டும் ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தாள். மகளோடு வந்து இருக்கலாமே என்றால், "வூட்டப் பூட்டிப் போட்டா யாராச்சும் கீறாங்களா இல்லியான்னு ஆள் வந்து பார்க்குறான். அப்பால அதுவும் போய்டும்" என்பாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது.

முத்தம்மாவின் பிழைப்பு மயிலாப்பூர் மாட வீதியில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் சாக்கை விரித்து வாழைத்தண்டு நறுக்கி விற்கிறாள். வட்டமாகச் சீவி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, வட்டங்களைத் தலைமுடி போல நறுக்கி, மோரில் போட்டு வைப்பாள். வாங்கிப்போகிறவர்கள் நேரே வாணலியில் போட வேண்டியதுதான். ஆனால் இந்த வியாபாரத்துக்கு நேரம் உண்டு. மயிலாப்பூரில் எட்டு மணிக்கெல்லாம் சமையல் முடிந்துவிடும். ஆறே முக்காலுக்குத் தண்டு கிடைத்தால் தண்டுக்கறி, எட்டரைக்குக் கிடைத்தால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

அந்தக் குடியிருப்பிலிருந்து காலை ஐந்து இருபதுக்கு ஒரு பஸ் இருந்தது. போன ஜூன் மாதம் ஒரு நாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அடுத்த பஸ் ஏழே கால். முத்தம்மா மாட வீதியில் காலெடுத்து வைக்கும்போது மணி எட்டரை.

மாட வீதி நடைபாதைக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. காலையில் சாக்கு விரிக்காதவருக்கு இடம் கிடையாது. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற சேட்டு நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கூடை தினமும் ஒரு சாண் நகர்ந்தது. எனவே தேவானை தினம் ஆறு மணிக்கே போய், கோயம்பேட்டிலிருந்து வரும் லோடை இறக்கிக்கொண்டு, அம்மா வருகிற வரை சாக்கில் உட்கார்ந்து தண்டு நறுக்கினாள். தப்பு கண்டுபிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரியோ, தண்டு நறுக்குவதில் அவ்வளவு மக்கு. ஒவ்வொரு துண்டும் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. நாரும் போகவில்லை.

எட்டரைக்கு வந்த முத்தம்மா கூடையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "இன்னாடி இது, தண்டா, வெறகா? இத்த வாங்கிக்கினு போற மாமிங்க என்னைத் திட்டுவாங்களா, உன்னைத் திட்டுவாங்களா?"

"நீ நேரத்துக்கு வந்து அறு."

"பஸ்ஸு இன்னா நான் ஓட்டுறேனா?"

சேட்டு ஒரு கொய்யாவைத் துடைத்தபடி நியாயம் பேசினார். "தப்பா நெனைக்காத தேவானை. எடம் உங்கம்மாது. உன்னுது இல்ல. ஆள் மாத்தி குந்தினா எத்தினி நாளைக்கு எடம் செல்லும்? ஆடி முடியுற வரைக்கும் பார்ப்பேன். அப்பால என் மச்சான் அன்னாசிப்பழம் போடலாம்னு கீறான்." நடைபாதையில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆடி முடிய இருபத்து நான்கு நாள் இருந்தது.

தேவானை பஸ் அலுவலகத்துக்கு ஏற்கெனவே இரண்டு மனு அனுப்பியிருந்தாள். முதல் மனுவுக்கு 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று போனில் செய்தி வந்தது. இரண்டாவதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அன்றைக்கு மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால், 1320-களில் ஒரு விதவைக்கு மன்னரின் ஆட்கள் சொன்ன பதில்: 'இவள் வேறு அலுவலகத்துக்குப் போகட்டும்.' அடுத்த மனுவுக்கு: 'மன்னர் யோசிப்பார்.' மன்னர் யோசிப்பார் என்றால் மாட்டார் என்று அர்த்தம் என அடிக்குறிப்பு சொன்னது. எழுநூறு வருஷத்தில் அரசாங்கங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது போனில் செய்தி அனுப்புவது ஒன்றைத்தான் என்று தேவானைக்குத் தோன்றியது.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பார்லிமென்ட் கூடும்போது மனு வாங்குவதற்கென்றே எழுத்தர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்களாம். தோல் துண்டில் எழுதிய மனுவை வாங்கி, இது இந்த அலுவலகம், அது அந்த நீதிமன்றம் என்று வகை பிரித்து, தீராததை மட்டும் மன்னரிடம் கொண்டுபோவார்களாம். பதிலை வேறு எங்கேயும் எழுத மாட்டார்கள். மனுவையே திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதுவார்கள். புத்தகத்தைத் தொகுத்த பேராசிரியர் விட்கோம் ஒவ்வொரு மனுவுக்கும் கீழே அந்த முதுகுப் பதிலையும் கொடுத்திருந்தார். பக்கம் அமைக்கும் மென்பொருளிலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. பதில் கட்டம் காலியாக இருந்தால் திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தும்.

இந்த இடத்தில்தான் அஃப்தாப் வருகிறான். பக்கத்து மேஜை, பக்கம் அமைக்கும் வேலை, ராயப்பேட்டைக்காரன். நூற்று நாற்பத்தெட்டாவது மனு முடிந்து அடுத்த தொகுதி தொடங்கும் இடத்தில் அவனுக்கு ஒரு மாதிரி மனு தேவைப்பட்டது, கட்டங்கள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க. "அக்கா, ஏதாவது நாலு வரி அடிச்சுக் குடுங்க, அப்புறம் எடுத்துடலாம்" என்றான்.

தேவானை அடித்தாள். புத்தகத்தின் நடை அவள் கையில் ஊறிப்போயிருந்தது. ஆங்கிலத்தில் அவள் அடித்தது தமிழில் இப்படி வரும்: 'எம் பெருமானாகிய மன்னருக்கும் அவருடைய அவைக்கும், மயிலாப்பூரில் வாழைத்தண்டு விற்கும் ஏழைக் கைம்பெண் முத்தம்மா விண்ணப்பித்துக்கொள்வது. மன்னரின் அலுவலர்கள் ஐந்து இருபது வண்டியைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டு அவள் உட்கார்ந்த இடத்தைக் கொய்யா வணிகன் ஒருவன் சாண் சாணாகக் கைப்பற்றி வருகிறான். கடவுளின் பொருட்டு, ஓர் அறச்செயலாக, அந்த வண்டியைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறாள்.'

அஃப்தாப் சிரித்துக்கொண்டே 148-அ என்று எண் போட்டான். பதில் கட்டம் காலியாக இருந்ததால் திரை கத்தியது. அதன் வாயை அடைக்க, 'முதுகில் பதில் எழுதப்படவில்லை' என்று சேர்த்தான். திரை சமாதானமாயிற்று. பக்கம் அழகாக விழுந்தது. இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

அந்த மனுவை யாரும் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து மேலாளர் பத்ரிநாராயணன் தேவானையைக் கூப்பிட்டனுப்பினார். அபிராமபுரத்துக்காரர், இருபத்தாறு வருஷ அனுபவம், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப்பையில் மூன்று பேனா. முகம் வெளுத்திருந்தது.

"தேவானை, இங்கிலாந்துலேர்ந்து மெயில் வந்திருக்கு. படிக்கறேன், கேளு. 'பக்கம் 211-இல் உள்ள மனு எனக்குச் சற்றே குழப்பமாக இருக்கிறது.'" நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். "சற்றே குழப்பம்ங்கறான். வெள்ளைக்காரன் சற்றேன்னு சொன்னா யாருக்கோ வேலை போகப்போறதுன்னு அர்த்தம். இருபத்தாறு வருஷமா பார்த்துண்டிருக்கேன்."

மீதியையும் படித்தார். 'முப்பத்தோரு ஆண்டுகளாக இந்த ஆவணங்களோடு பழகுகிறேன். இந்த அம்மையாரைச் சந்தித்த நினைவில்லை. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழைத்தண்டு விற்கப்பட்டதற்கு இதுவே முதல் சான்றாக இருக்கும். மயிலாப்பூர் எந்த மாவட்டத்தில் உள்ளது என்று தெரிவித்தால் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வசதியாக இருக்கும்.'

தேவானைக்குக் காது இரண்டும் சுட்டது. பிறர் தப்பைப் பிடித்தே பதினான்கு வருஷம் சாப்பிட்டவள். அவள் கைத்தப்பு ஒன்று கடல் தாண்டிப் போய் லண்டனில் இறங்கியிருந்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"நான்தான் சார் அடிச்சேன்" என்றாள். "அஃப்தாப் மேல தப்பு இல்ல. கடைசிப் பார்வை என்னுது."

பத்ரி கோபப்படவில்லை, படிவத்தை எடுத்தார். அந்தக் கம்பெனியில் தப்பு நடந்தால் கோபப்படக் கூடாது, படிவம்தான் நிரப்ப வேண்டும். 'ஐந்து ஏன்' என்று அதற்குப் பெயர். ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்தாவது ஏனில் மூலக்காரணத்தைப் பிடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதக் கூடாது. தணிக்கைக்கு வருகிறவர் அடித்துவிடுவார்.

"ஒண்ணு. ஏன் அந்நிய மனு உள்ள வந்தது?"

"மாதிரிக்குப் போட்டதை எடுக்கல சார்."

"ரெண்டு. ஏன் எடுக்கல?"

"கடைசிப் பார்வை பார்க்க வேண்டிய அன்னிக்கு நான் பத்து இருபதுக்குத்தான் வந்தேன். அவசரத்துல பக்கத்தைத் தள்ளிட்டேன்."

"மூணு. ஏன் லேட்டு?"

"மாட வீதியில வாழைத்தண்டு நறுக்கிட்டு இருந்தேன் சார்."

பத்ரியின் பேனா நின்றது. பிறகு விதிமுறையை நினைத்துக்கொண்டு எழுதியது. "நாலு. ஏன் நறுக்கினே?"

"அம்மா வர எட்டரை ஆகுது. இடம் போயிடும்."

"அஞ்சு. ஏன் எட்டரை?"

"ஐந்து இருபது பஸ்ஸை நிறுத்திட்டாங்க சார்."

மூலக்காரணம் என்ற கட்டத்தில் பத்ரி 'ஐந்து இருபது பஸ்' என்று எழுதினார். கீழே 'திருத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பஸ்ஸை மீண்டும் இயக்குதல்' என்றுதான் அதில் எழுத முடியும், வேறு எதை எழுதினாலும் மூலக்காரணத்தோடு ஒட்டவில்லை. பொறுப்பாளர் பெயர் கேட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், தன் பெயரையே எழுதினார். கடைசித் தேதி கேட்டது. ஆடி கடைசியைப் போட்டார். விதிப்படி அது வாடிக்கையாளருக்கும் போயிற்று.

விட்கோம் அன்றே பதில் அனுப்பினார். தனக்கு எழுபத்தெட்டு வயது என்றும், இதுவரை எந்தப் பதிப்பகத்திடமிருந்தும் இவ்வளவு நேர்மையான விளக்கம் வந்ததில்லை என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: 'திருத்த நடவடிக்கை முடிந்ததற்கு ஆதாரம் கிடைத்ததும் படிவத்தில் கையெழுத்திட்டு, அடுத்த தொகுதியை அனுப்புகிறேன்.'

"போச்சுடா" என்றார் பத்ரி. "இந்தக் கெழத்துக்கு பஸ்ஸு வேணுமாம்."

அன்று மத்தியானம் அவர் டிபன் கேரியரைத் திறந்தார். வாழைத்தண்டுக் கறி. ஒரு வாய் வைத்தவர், நாரை இழுத்தபடி அலுத்துக்கொண்டார். "மூணு வாரமா ஆத்துல இதே கதை. வைதேகி யாரோ ஒரு அம்மாகிட்ட வழக்கமா வாங்குவா, பஞ்சு மாதிரி இருக்கும். இப்ப எவளோ ஒரு அசடு உக்காந்து அறுத்துண்டிருக்காளாம்."

தேவானை தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "அந்த அசடு நான்தான் சார்."

பத்ரிக்குப் புரைக்கேறியது. அஃப்தாப் தண்ணீர் கொடுத்தான்.

விஷயம் அன்று சாயங்காலமே அபிராமபுரத்துக்குப் போயிற்று. மறுநாள் காலை பத்ரியின் மனைவி வைதேகி மாமி பையோடு மாட வீதிக்கு வந்து தேவானையின் எதிரில் நின்றாள். "நீதானா அது? கத்தியை இப்படியா பிடிப்பா? சரி, போறது. என்ன பண்ணணும்னு சொல்லு."

என்ன பண்ண வேண்டும் என்று தேவானைக்குப் புத்தகம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. தனியாக ஒரு விதவை போட்ட மனு வேறு அலுவலகத்துக்குப் போகும். ஊர் முழுவதும் சேர்ந்து, 'இந்த மாவட்டத்து மக்கள் அனைவரும்' என்று தொடங்கிப் போட்ட மனுவைத்தான் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். பார்லிமென்டில் பொதுமக்களின் சபை பலம் பெற்றதே அப்படித்தான் என்று முன்னுரையில் நாற்பது பக்கம் இருந்தது. இன்னொரு வித்தையும் அவள் கற்றிருந்தாள். முதலாம் எட்வர்டு ஒவ்வொரு பிரபுவையும் பிடித்து, 'எந்த அதிகாரத்தின் பேரில் இதை வைத்திருக்கிறாய், சாசனத்தைக் காட்டு' என்று கேட்டாராம். ஒரு பிரபு காட்ட ஒன்றும் இல்லாமல் துருப்பிடித்த வாளைக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. தேவானைக்கு மிகவும் பிடித்த அடிக்குறிப்பு அது.

முந்தைய இரண்டு மனுக்களிலும் 'பஸ் விடுங்கள்' என்றுதான் கேட்டிருந்தாள். மூன்றாவதில் அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்தாள். 'ஐந்து இருபது வண்டியை நிறுத்தியது எந்த உத்தரவின் பேரில்? அந்த உத்தரவின் நகலைக் காட்டவும்.' தொடக்கத்தில் 'மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் வாசிகளும், குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் பெண்களும் ஒன்றுசேர்ந்து' என்று போட்டாள். குடியிருப்பில் முத்தம்மா மாடி மாடியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். இங்கே வைதேகி மாமி கோயிலுக்கு வருகிறவர்களை விடவில்லை. சேட்டுகூடக் கையெழுத்துப் போட்டார். "நான் எடத்துக்குத்தான் விரோதி. பஸ்ஸுக்கு இல்ல" என்றார். மொத்தம் முந்நூற்று ஆறு.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கையில் பஸ் அலுவலகத்துக்கு நான்கு பேர் போனார்கள். பத்ரி கையில் படிவம். வைதேகி மாமி கையில் கையெழுத்துத் தாள்கள். முத்தம்மா புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள்.

"இன்னாம்மா அது?"

"தண்டுதான். ஆபீசருக்கு. நைஸா அறுத்துக்கினு வந்தேன்."

"ஐயோ, லஞ்சம்னு சொல்லுவாங்கம்மா! அதுக்கு ஒரு மனு இருக்கு புக்குல!" தேவானை அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் திணித்தாள். மோர் ஒழுகியது.

அதிகாரி வயசானவர், களைத்த முகம். வழக்கம்போல, "வெச்சுட்டுப் போங்க, பரிசீலிக்கிறோம்" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு மனுவைப் படித்தார். மூன்றாவது பத்தியில் கண் நின்றது. "எந்த உத்தரவின் பேரில்" என்று தனக்குத்தானே வாசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். எழுத்தரைக் கூப்பிட்டு, உத்தரவை எடுத்துவரச் சொன்னார்.

எழுத்தர் போனார். இரண்டு பீரோ திறக்கும் சத்தமும் ஒரு பீரோ திறக்க மறுக்கும் சத்தமும் கேட்டன. அரை மணி கழித்து ஒரு பழைய கால அட்டவணையோடு திரும்பினார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. துருப்பிடித்த வாள் ஞாபகம் வர, தேவானை சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உத்தரவு எதுவும் இல்ல சார்" என்றார் எழுத்தர். "ஸ்கூல் தொறந்தப்ப வேற ரூட்ல கூட்டம்னு ஒரு வாரத்துக்கு இந்த வண்டியைக் கேட்டாங்க. வாயாலதான். குடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் திருப்பிக் கேக்கல சார். அங்கேயே ஓடிக்கினு கீது."

இரண்டு மாசத்துத் தவிப்பு, சோப்புக்கட்டித் தண்டு, நகர்ந்து வந்த கொய்யாக்கூடை எல்லாவற்றுக்கும் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான். தேவானைக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

அதிகாரி மனுவைத் திருப்பிப் போட்டார். வேறு தாள் தேடவில்லை. பச்சை மையால், அதன் முதுகிலேயே, இரண்டு வரி எழுதினார். 'நிறுத்தியதற்கு உத்தரவு ஏதும் காணப்படவில்லை. வரும் திங்கள் முதல் 5.20 வண்டியைப் பழையபடி இயக்கவும்.'

தேவானை நானூற்றுப் பன்னிரண்டு முதுகுப் பதில்களைப் படித்தவள். எல்லாம் செத்துப்போன மன்னர்கள் செத்துப்போன மனிதர்களுக்குச் சொன்னவை. ஒன்று கண்ணெதிரே, மை காயாமல் எழுதப்படுவதை அன்றுதான் பார்த்தாள். கண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி பதறிப்போய், "ஏம்மா, சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றார். சரியாகத்தான் எழுதியிருந்தார், ஒரு தப்பும் இல்லை.

திங்கட்கிழமையும் தேவானை நம்பிக்கையில்லாமல் ஆறு மணிக்குப் போய்ச் சாக்கை விரித்தாள். ஆறு நாற்பதுக்கு முத்தம்மா வந்தாள். வந்தவள் மகளைத் தட்டி எழுப்பினாள். "எய்ந்திரு, எய்ந்திரு. என் எடம்." பிறகு சேட்டின் கூடையைக் காலால் மெதுவாகத் தள்ளினாள். கூடை எவ்வளவு வந்திருந்ததோ அவ்வளவும் திரும்பிப் போயிற்று. சேட்டு, "மச்சான் அன்னாசிய வேற எங்கியாவது போட்டுக்கட்டும்" என்று சொல்லி, அவளுக்கு ஒரு கொய்யா கொடுத்தார்.

அன்று தேவானை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அலுவலகத்தில் இருந்தாள். மனுவின் பின்பக்கத்தைப் படமெடுத்து, பச்சை வரிகளை மொழிபெயர்த்து விட்கோமுக்கு அனுப்பினாள். சாயங்காலம் படிவம் கையெழுத்தோடு வந்தது. குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தார்: 'ஒரு பதிலை, அது எழுதப்பட்ட அதே வாரத்தில் நான் படிப்பது இதுதான் முதல் தடவை. நன்றி.' பத்ரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சற்றேங்கற வார்த்தை இல்லை, பாத்தியா" என்றார்.

பக்கம் 211-ஐத் திறந்தாள். 148-அ இன்னும் அங்கே இருந்தது. அதை நீக்கும் முன், 'முதுகில் பதில் எழுதப்படவில்லை' என்ற வரியை அழித்துவிட்டு, பச்சை வரிகளைக் கட்டத்தில் அடித்தாள். சரிபார்த்தாள். திரை பச்சையானது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மனு முழுவதையும் அழித்தாள். புத்தகத்தில் மனுக்கள் மறுபடி நானூற்றுப் பன்னிரண்டாயின.

அசல் மனுவின் நகலை முத்தம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைக் கொடுக்கும்போது தேவானை எச்சரித்தாள். "அந்த ஊர்ல ஒரு ராஜா பெரிய சாசனமே குடுத்தாரும்மா. அடுத்த ராஜா வந்தா மறந்துடுவாங்க. ஜனங்க ஒவ்வொரு ராஜாகிட்டயும் அதை எடுத்துனு போய்க் காட்டி, திரும்பத் திரும்ப உறுதி வாங்கினாங்களாம். நாப்பது அம்பது தடவை."

முத்தம்மா காகிதத்தைப் பால் கவரில் சுற்றி, நான்காக மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

தினமும் காலை ஐந்து இருபதுக்கு பஸ் படியில் ஏறியதும் அவள் அதை எடுத்துப் பிரித்து, பச்சை மை தெரிகிற பக்கத்தைக் கண்டக்டரிடம் காட்டுகிறாள். யாரும் காட்டச் சொல்வதில்லை. பழைய கண்டக்டர்கள், "தெரியும்மா, உள்ள போ" என்கிறார்கள். புதிதாக வருகிறவர் மட்டும் இது என்னவென்று கேட்பார். அப்போது முத்தம்மா பஸ் கிளம்பும் வரை நின்று, முதல் வரியிலிருந்து அவருக்குச் சொல்கிறாள்.